இருட்டில் விளையும் வெயில்

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கும் நாளில் ஒரு செடியை வேரோடு தூக்கிப் பாருங்கள். அத்தனை காயும் மண்ணுக்குள், வெயில் படாமல் முற்றியவை. ஆனால் பருப்பின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். திரி போட்டால் எரியும். அந்த எரிசக்தி உள்ளே போனது எப்படி?

அனுப்பியது இலை. இலையிலுள்ள பச்சையம் சிவப்பு, நீல ஒளியை நன்றாக உறிஞ்சும். அந்த ஆற்றலைக் கொண்டு செடி தண்ணீரை உடைக்கிறது. கிடைக்கும் எலக்ட்ரான்களை வைத்து ஏ.டி.பி., என்.ஏ.டி.பி.எச். என்ற ஆற்றல் மூலக்கூறுகளைச் செய்துகொள்கிறது. மிஞ்சும் ஆக்சிஜனை வெளியே விடுகிறது. அது கரியமில வாயுவிலிருந்து வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். தண்ணீரிலிருந்துதான் வருகிறது. 1941இல் கலிபோர்னியாவில் சாமுவேல் ரூபனும் மார்ட்டின் கேமனும் சகாக்களோடு கன ஆக்சிஜன் கொண்ட தண்ணீரைப் பாசிக்குக் கொடுத்து இதைக் காட்டினார்கள்.

அடுத்த வேலை கரியமில வாயுவைச் சர்க்கரையாக்குவது. இது ஒரு சுழற்சியாக நடக்கிறது. அதைக் கண்டறிந்ததற்காக மெல்வின் கால்வின் 1961இல் நோபல் பரிசு பெற்றார். சர்க்கரை தண்டு வழியாக இறங்கி, காயைத் தாங்கும் விழுதுக்குள் புகுந்து, பருப்பில் எண்ணெயாக மாறுகிறது. ஒரு கிராம் சர்க்கரையில் 4 கிலோகலோரி என்றால், எண்ணெயில் 9. முளைக்கப்போகும் குருத்துக்கு அதுதான் கட்டுச்சோறு.

மல்லாட்டைக்கு ஒரு பலவீனம் உண்டு. கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதி, சில சமயம் ஆக்சிஜனையும் பிடித்துவிடும். செய்த வேலையில் ஒரு பகுதி வீணாகும். வெப்பம் ஏற ஏற இந்த இழப்பும் ஏறும். நெல்லுக்கும் இதே கதிதான். பக்கத்து வயல் கரும்போ நரம்பைச் சுற்றியுள்ள செல்களில் கரியமில வாயுவைக் குவித்து வைத்து, ஆக்சிஜனுக்கு இடம் கொடுப்பதில்லை. அதற்குக் கூடுதல் ஆற்றல் செலவாகும், ஆனாலும் சித்திரை வெயிலில் லாபம் கரும்புக்கே. ஆஸ்திரேலியாவில் ஹால் ஹேட்ச்சும் ரோஜர் ஸ்லாக்கும் 1966இல் இந்த வழியை விளக்கினார்கள்.

மல்லாட்டைக்கு விதைத்த 40, 45ஆம் நாளில் ஜிப்சம் போட்டு மண் அணைக்கிறோம். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் காயே நேரடியாக மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். எண்ணெய்க்கான சர்க்கரை மண்ணில் கிடைக்காது, இலைதான் தர வேண்டும். அதனால்தான் டிக்கா இலைப்புள்ளி நோய் இவ்வளவு கொடியது. காயைத் தொடாமலே விளைச்சலைக் குறைக்கிறது. காய் பிடித்தாயிற்று, இனி இலை உதிர்ந்தால் என்ன என்று விடக் கூடாது. பருப்பு நிரம்புவது அதற்குப் பிறகுதான்.