பக்கற்றுக்குள் கண்ணாடி கிடந்தால்?



தெமட்டகொடையில் வேலை செய்யும் பிள்ளை லீவுக்கு வரும்போது பிஸ்கட், டின் மீன் என்று வாங்கி வருகிறது. பிரித்தால் உள்ளே கம்பியோ கண்ணாடித் துண்டோ! நாம் என்ன செய்கிறோம்? "நாமளா காசு குடுத்தோம், யாருகிட்ட கேக்குறது?" என்று வீசிவிடுகிறோம்.

ஸ்கொட்லாந்தில் ஒரு பெண், 1928இல் சிநேகிதி வாங்கிக் கொடுத்த ஜிஞ்சர் பியர் போத்தலில் நத்தை இருந்ததென வழக்குப் போட்டார். காசு கொடுத்தவர் அவரல்ல. ஆனாலும், பாவிப்பவர் விஷயத்தில் கவனமாயிருப்பது தயாரிப்பாளரின் கடமை என்று 1932இல் லண்டன் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

1. மேற்கொண்டு சாப்பிடக்கூடாது. விழுங்கியிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக்கூடாது.

2. கண்ட பொருளைக் கழுவாமல், மீதி உணவு, உறை, பில் எல்லாவற்றையும் சுத்தமான பையில் கட்டி வைக்க வேண்டும். உறையிலுள்ள தொகுதி இலக்கமும் திகதியும் முக்கியம். கடைக்காரர் வேறு பக்கற் தருவதாகச் சொன்னாலும் இதைக் கொடுத்துவிடாதீர்கள்.

3. அன்றைக்கே பி.எச்.ஐ.யிடம் சொல்லுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் மனிதர் உண்ணத் தகாத உணவை விற்பதைத் தடுக்கிறது.

4. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம். எழுத்து மூல முறைப்பாட்டைச் சாமான் வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

தோட்டத்துக் கடையில் வாங்கியதென்றால், "பற்று இருக்கே, எப்படிப் பேசுறது?" என்று தயங்குவோம். கடன் வேறு, கண்ணாடி வேறு. அதே தொகுதிப் பக்கற் அடுத்த லயத்துப் பிள்ளையின் கையிலும் இருக்கலாம்.