பணம் போகவுமில்லை, எடுக்கவும் முடியவில்லை: அட்டைக் கொடுப்பனவுகளில் 'ஹோல்ட்' என்றால் என்ன?

ஒன்லைனில் அட்டை மூலம் பணம் செலுத்துவது இப்போது எமது ஊர்களிலும் சாதாரண விடயமாகிவிட்டது. உம்ராவுக்குச் செல்பவர்கள் மக்காவில் ஹோட்டல் அறையை வீட்டிலிருந்தே பதிவு செய்கிறார்கள். விமான டிக்கட், பிள்ளைகளின் வெளிநாட்டுப் பரீட்சைக் கட்டணம், ரமழான் ஸதகா என்று பலதும் அட்டையில்தான் நடக்கிறது. ஆனால் தளம் "கொடுப்பனவு தோல்வி" என்று காட்டும் அதே நேரத்தில் பணம் கழிக்கப்பட்டதாக வங்கியிடமிருந்து குறுஞ்செய்தி வந்தால், என்ன நடந்தது என்பது நம்மில் பலருக்கு விளங்குவதில்லை.

எமது பாடசாலை ஆசிரியை ஒருவர் அண்மையில் இதில் மாட்டிக்கொண்டார். பெற்றோரின் உம்ராப் பயணத்துக்காக அறை பதிவு செய்யத் தனது டெபிட் அட்டையைப் பாவித்தார். தொகை சுமார் 60,000 ரூபா. ஓடிபி இலக்கத்தைக் கொடுத்த பின்னர் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்து, இறுதியில் தோல்வி என்றது. மறுபடி முயன்றார். மூன்றாம் தடவையும் முயன்றார். ஓர் அறையும் பதிவாகவில்லை. கணக்கில் 180,000 ரூபாவைக் காணவில்லை. வங்கிக் கிளையில் கேட்டபோது, "பணம் போகவில்லை, ஹோல்டில் இருக்கிறது, சில நாட்களில் வந்துவிடும்" என்றார்கள். போகவில்லை என்றால் ஏன் எடுக்க முடியாது என்பது அவரது கேள்வி. நியாயமான கேள்விதான்.

அட்டைக் கொடுப்பனவு ஒன்று இரண்டு கட்டங்களாக நடக்கிறது. முதலில் விற்பனையாளரின் தளம், விசா அல்லது மாஸ்டர்கார்ட் வலையமைப்பு ஊடாக எமது வங்கியிடம், "இந்த அட்டையில் இவ்வளவு பணம் இருக்கிறதா?" என்று கேட்கிறது. வங்கி "இருக்கிறது" என்று அனுமதி வழங்கி, அந்தத் தொகையை ஒதுக்கி வைக்கிறது. இந்த ஒதுக்கல்தான் ஹோல்ட். குறுஞ்செய்தி வருவதும் இந்த வேளையில்தான். இரண்டாவது கட்டத்தில் விற்பனையாளர் தனது வங்கி ஊடாக அந்தத் தொகையைக் கோருகிறார். அது அன்றிரவே நடக்கலாம், சில நாட்கள் கழித்தும் நடக்கலாம். பணம் உண்மையில் கை மாறுவது அப்போதுதான்.

முதல் கட்டம் முடிந்து, அனுமதி வழங்கப்பட்ட செய்தி தளத்துக்குப் போய்ச் சேர முன்னர் இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டால், தளம் தோல்வி என்று காட்டும். எமது வங்கிக்கு அது தெரியாது. அது கொடுத்த அனுமதி அப்படியே இருக்கும். நாம் மீண்டும் அழுத்தினால் இன்னொரு ஹோல்ட் விழும். எனவே தோல்வி என்று கண்டவுடன் மறுபடி முயலாமல், குறுஞ்செய்தி வந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வந்திருந்தால் விற்பனையாளரிடம் விசாரிக்காமல் மறுபடி பணம் கட்டக் கூடாது.

வங்கி அப் ஒன்றில் சாதாரணமாக இரண்டு தொகைகள் இருக்கும். ஒன்று கணக்கு மீதி, மற்றது பாவிக்கக்கூடிய மீதி. ஹோல்ட் விழுந்தால் முதலாவது மாறாது, இரண்டாவது குறையும். ஆசிரியைக்கு நடந்ததும் இதுதான்.

இந்த விடயம் எமது சமூகத்தைச் சற்றுக் கூடுதலாகவே பாதிக்கிறது என்பது எனது கருத்து. வட்டிக்கு அஞ்சி நம்மில் பலர் கடனட்டையைத் தவிர்த்து டெபிட் அட்டையை மட்டுமே வைத்திருக்கிறோம். அது நல்ல முடிவு. ஆனால் கடனட்டையில் ஹோல்ட் விழுந்தால் முடங்குவது வங்கி தந்த கடன் எல்லை. டெபிட் அட்டையில் முடங்குவதோ எமது சொந்தப் பணம், மாதச் சம்பளம். வியாபாரிகளின் நிலை இன்னும் சிக்கலானது. அட்டை நடைமுறைக் கணக்குடன் இணைந்திருந்தால், அதே வாரத்தில் கொடுத்த காசோலை போதிய பணமில்லை என்று திரும்பவும் கூடும். ஒன்லைன் செலவுகளுக்கென்று வேறொரு சேமிப்புக் கணக்கைத் திறந்து, தேவையான தொகையை மட்டும் அதில் போட்டு வைத்தால் இந்தச் சங்கடம் இருக்காது.

கடனட்டை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஹோல்டில் உள்ள தொகை மாதாந்தக் கூற்றில் சேராது, எனவே அதற்கு வட்டி இல்லை. ஆனால் விற்பனையாளர் கோரிப் பெற்று, கூற்றிலும் ஏறிவிட்ட தொகையை, "ரத்துச் செய்துவிட்டேன், மீளளிப்பு வரும்" என்று நினைத்துக் கட்டாமல் விட்டால், உரிய திகதிக்குப் பின்னர் வட்டி கணக்கிடப்படலாம். கூற்றில் உள்ளதை முழுமையாகக் கட்டிவிடுவது பாதுகாப்பானது. மீளளிப்பு பின்னர் வரவாக வந்து சேரும்.

ஹோல்ட் எவ்வளவு நாள் நீடிக்கும் என்பது கொடுப்பனவின் வகையையும் வங்கியையும் பொறுத்தது. சாதாரண கொள்வனவுகளில் ஒரு வாரமளவில் விடுபடும். ஹோட்டல், வாடகை வாகனம் போன்றவற்றில் 30 நாட்கள் வரைகூடப் போகலாம். வங்கி ஏன் உடனே விடுவிப்பதில்லை என்று பலர் கோபப்படுகிறார்கள். அனுமதி வழங்கிய வங்கி, விற்பனையாளர் தொகையைக் கோரினால் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது. அதனால் தானாகவே அதை இலகுவில் நீக்காது. விற்பனையாளரின் பக்கத்திலிருந்து அனுமதியை ரத்துச் செய்யும் செய்தி வந்தால் வேலை விரைவாக முடியும். கிளையில் வரிசையில் நிற்பதைவிட விற்பனையாளருக்கு மின்னஞ்சல் அனுப்புவது பலன் தருவது இதனால்தான். ஆசிரியைக்கும் அப்படித்தான் இரண்டு ஹோல்ட்கள் விடுபட்டன. மூன்றாவது தவணை முடிந்து தானாகவே நீங்கியது.

சவூதியில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். இங்கே வங்கிகளுக்குச் சனியும் ஞாயிறும். இரு பக்கமும் ஆட்கள் வேலையில் இருப்பது திங்கள் முதல் வியாழன் வரைதான். இடையில் போயா தினமும் வந்தால் மின்னஞ்சலுக்குப் பதில் தாமதமாவதில் ஆச்சரியமில்லை.

வெளிநாட்டு நாணயத்தில் செலுத்தும்போது ஹோல்ட் விழுந்த தொகையும் இறுதியில் கழிக்கப்படும் தொகையும் வேறுபடும். தொகை கணக்கில் பதிவாகும் நாளின் நாணய மாற்று விகிதம் பாவிக்கப்படுவதே காரணம். வங்கிக் கட்டணமும் முத்திரைத் தீர்வையும் அதனுடன் சேரலாம். இது திருட்டு அல்ல.

திருட்டு வேறு வழியில் வருகிறது. பணம் முடங்கிய பதற்றத்தில் சிலர் வங்கியின் பேஸ்புக் பக்கத்தில் தொலைபேசி இலக்கத்துடன் முறைப்பாடு எழுதுகிறார்கள். சிறிது நேரத்தில் வங்கி அதிகாரி என்று ஒருவர் அழைத்து, "உங்கள் பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம், இப்போது வரும் ஓடிபியைச் சொல்லுங்கள்" என்பார். ஹோல்ட் விடுபடுவதற்கு ஓடிபி தேவையே இல்லை. அந்த இலக்கத்தைச் சொன்னால், அதுவரை போகாமலிருந்த பணம் அப்போதுதான் உண்மையாகப் போகும்.

வங்கியிடம் முறையிடும்போது திகதி, நேரம், தொகை, அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள், தளத்தின் தோல்விச் செய்தியின் படம், விற்பனையாளரின் மின்னஞ்சல் ஆகியவற்றை எழுத்தில் கொடுங்கள். முறைப்பாட்டு இலக்கம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். திருப்தியான பதில் வராவிட்டால் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். வங்கிக்கு ஏற்கெனவே எழுதியிருக்கிறீர்களா என்றுதான் அங்கும் முதலில் கேட்பார்கள்.