டிக்கட் பணம் யாருடையது?

ஆகாய விமானப் பிரயாணம் பெருந் தனவந்தர்களுக்கு மட்டுமே உரியதென்றிருந்த காலம் மலையேறிவிட்டது. உத்தியோகம் நாடிச் செல்லும் வாலிபர்களும், வைத்தியத்துக்காகப் போகும் முதியோர்களும் இன்று விமானம் ஏறுகின்றனர். பிரயாணத்துக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்னரே முழுக் கட்டணத்தையும் செலுத்திவிடுகின்றனர். சரக்கைக் கொடுக்குமுன் கிரயம் முழுவதையும் பெற்றுக்கொள்ளும் வியாபாரம் இது. பிரயாணம் நடவாமற் போனால் அப்பணம் யாருடையது? “டிக்கட் ரத்தானால் பணம் போனது போனதுதான்” என்று நம்மவரிற் பலர் எண்ணி வாளாவிருக்கின்றனர். அவ்வெண்ணம் பிசகானது என்பதை எடுத்துக்காட்டவே இதனை எழுதுகிறோம்.

ரத்து இரு வகைப்படும். பிரயாணி தாமே ரத்து செய்வது ஒன்று. கம்பெனி ரத்து செய்வது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதாலேயே பெரும்பாலோர் ஏமாறுகின்றனர்.

முதல் வகையில் கம்பெனியின் கட்சியிலும் ஓரளவு நியாயமுண்டு. விமானம் புறப்பட்ட பிறகு காலியான ஆசனத்தை விற்க முடியாது. ஆகவே ஒரு தொகையைப் பிடித்துக்கொள்ள அதற்குப் பாத்தியதை உண்டு. ஆனால் அதற்கும் வரம்புண்டு. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2016-ம் வருஷம் ஆகஸ்டு 1-ந் தேதி முதல் அமுலுக்குக் கொண்டுவந்த விதிகள், ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருட் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்கு மேற்போகலாகாது என்று கூறின. வரிகளையும், விமான நிலையங்களுக்காக வசூலிக்கும் கட்டணங்களையும், “பணம் திருப்பித் தரப்படமாட்டாது” என்று விற்ற சலுகை டிக்கட்டுக்குங்கூடத் திருப்பித் தரவேண்டுமென்றும் விதித்தன.

உதாரணமாக, டிக்கட் விலை ரூ. 6,000 என்றும், அதில் அடிப்படை, எரிபொருள் ஆகிய கட்டணங்கள் ரூ. 4,800 என்றும் வைத்துக்கொள்வோம். கம்பெனி எவ்வளவு கண்டிப்பாக இருந்தாலும் மிச்சமுள்ள ரூ. 1,200 பிரயாணியினுடையதே. கேட்பாரில்லாமற் கிடக்கும் இத்தகைய சிறு தொகைகள் சேர்ந்து பெருந்தொகை ஆகுமென்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. ஏஜெண்டு மூலம் வாங்கிய டிக்கட்டாயினும் பணம் திரும்பக் கிடைக்கச் செய்யும் பொறுப்பு கம்பெனியுடையதே என்றும் அவ்விதிகள் கூறின. ஏஜெண்டு கம்பெனியின் பிரதிநிதியன்றோ! புறப்பட ஏழு நாளேனும் இருந்தால், டிக்கட் வாங்கிய 24 மணி நேரத்துக்குள் கட்டணமின்றி ரத்து செய்யலாமென்று 2019-ம் வருஷத்துப் பிரயாணிகள் சாசனம் கூறிற்று. இக்கெடுவை 48 மணி நேரமாக்கும் யோசனை 2025 நவம்பரில் வெளியான நகல் விதிகளில் இடம்பெற்றது.

இரண்டாவது வகையில் விவாதத்துக்கே இடமில்லை. கம்பெனியே விமானத்தை ரத்து செய்தால், பிரயாணி வேறு விமானம் கோரலாம். அல்லது முழுப் பணத்தையும் கோரலாம். அதற்கென்று எவ்விதப் பிடித்தமும் செய்தல் தகாது. புயல், கலகம் போன்ற காரணங்களால் ரத்தானால் நஷ்டஈடு கிடையாதிருக்கலாம். அதனால் கட்டிய பணத்தின்மீதுள்ள உரிமை போய்விடாது.

இங்கேதான் ஒரு தந்திரம் புகுகிறது. பணத்தைத் தராமல், தங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொண்டு, “அடுத்த பிரயாணத்தில் கழித்துக்கொள்ளலாம்” என்று சில கம்பெனிகள் சொல்வதுண்டு. இதை ஏற்பதும் மறுப்பதும் பிரயாணியின் இஷ்டம் என்று 2016-ம் வருஷத்து விதிகளே தெளிவாகக் கூறின. எனினும் 2020-ம் வருஷத்து ஊரடங்கின்போது, சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றே ஜனங்கள் நியாயம் பெற வேண்டியதாயிற்று. அவ்வருஷம் அக்டோபர் 1-ந் தேதித் தீர்ப்பில், ஊரடங்குக் காலப் பிரயாணத்துக்கு அக்காலத்திலேயே வாங்கிய டிக்கட்டுகளின் பணம் முழுவதையும் உடனே தரவேண்டுமென்று கோர்ட்டார் உத்தரவிட்டனர். மற்றவற்றுக்குப் பண நெருக்கடியிலுள்ள கம்பெனிகள் 2021 மார்ச் 31 வரை வரவு வைத்துக்கொள்ளலாமென்றும், அதற்கு மாதந்தோறும் முதலில் அரை சதவிகிதமும் பின்னர் முக்கால் சதவிகிதமும் கூட்டித் தரவேண்டுமென்றும் கூறினர். பிறர் பணத்தை வைத்திருப்பவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டுமென்ற நியாயம் இத்தீர்ப்பில் அடங்கியிருக்கிறது.

கம்பெனியே கவிழ்ந்துவிட்டால் இந்த வரவு என்னவாகும்? 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. 2023 மேயில் கோ பர்ஸ்ட் நின்றது. முன்பணம் கட்டியிருந்தோர் ஒரே இரவில் கடன்காரர்களின் வரிசையில், பாங்குகளுக்குப் பின்னே, கையேந்தி நிற்க நேர்ந்தது. பிரயாணி கம்பெனிக்குக் கடன் கொடுக்கவில்லை. பிரயாணத்துக்குப் பணம் கொடுத்தார். பிரிட்டனில் விமானத்தோடு சேர்ந்த சுற்றுலா ஏற்பாடுகளை வாங்குவோரின் பணத்துக்கு 1973 முதலே பாதுகாப்புத் திட்டம் இருந்துவருகிறது. நமது நாட்டிலும் முன்பணத்தைத் தனிக் கணக்கில் காப்பிட்டு வைக்கச் சட்டம் வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

“உடனே திருப்பித் தருவது சாத்தியமில்லை” என்ற சமாதானம் இனிச் செல்லாது. 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது, டிசம்பர் 7-ந் தேதி இரவு 8 மணிக்குள் பணத்தைத் திருப்பித் தருமாறு சர்க்கார் கெடு வைத்தது. சில நாட்களிலேயே ரூ. 610 கோடி திரும்பியது. மனமிருந்தால் மார்க்கமுண்டு, மனத்தை உண்டாக்க சர்க்காரின் கண்டிப்பும் ஜனங்களின் விழிப்பும் வேண்டும்.

ஆகவே வாசகர்களுக்கு நாம் கூறுவது இதுதான். டிக்கட் வாங்குமுன் ரத்து நிபந்தனைகளைப் படியுங்கள். ரத்தானால் எழுத்து மூலம் கேளுங்கள், பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வரவு வேண்டாமெனில் வேண்டாமென்றே எழுதுங்கள். கம்பெனி செவிசாய்க்காவிடில் ஜில்லா நுகர்வோர் கமிஷன் இருக்கிறது. செலுத்திய கிரயம் ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வழக்குகளுக்கு அங்கே மனுக் கட்டணமும் விதிக்கப்படவில்லை. ஆயிரம் ரூபாய்தானே என்று ஒருவர் விட்டுக்கொடுப்பது தாராள குணமன்று. அடுத்த பிரயாணியின் ஆயிரத்தையும் விழுங்கக் கம்பெனிக்குத் தைரியம் அளிப்பதாகும். தம் பாத்தியதையைத் தாமே மறந்த ஜனங்களுக்குச் சட்டம் எவ்வளவிருந்தும் பயனில்லை.