வீட்டு ரவுட்டரும் பிள்ளைகளின் பாதுகாப்பும்



டிப்ளமோ படிக்கிறோம் என்று தெரிந்தால் போதும், தெருவில் நம்மைச் சும்மா விடமாட்டார்கள். ஒரு காலத்தில் ரேடியோ, டி.வி. ரிப்பேர் என்று கூப்பிட்டார்கள். இப்போது, "தம்பி, நீ கம்ப்யூட்டர்தானே படிக்கிறே? இந்த வைஃபையைக் கொஞ்சம் பூட்டிக் குடுத்துட்டுப் போப்பா" என்கிறார்கள். சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், விருதுநகர் என்று நம் வட்டாரத்தில் அப்பாவும் அம்மாவும் பட்டாசு ஆபீஸுக்கோ, தீப்பெட்டி ஆபீஸுக்கோ, அச்சகத்துக்கோ போகும் வீடுகள் ஏராளம். காலையில் வேன் ஏறினால் பொழுது சாயத்தான் வீடு. அதுவரை வீட்டில் பிள்ளையும் செல்போனும்தான் துணை.

2020-இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடம் போன் வழியாக வந்தது. பிறகு பாடம் பள்ளிக்கே திரும்பிப் போய்விட்டது. போன் மட்டும் பிள்ளைகள் கையிலேயே தங்கிவிட்டது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைக் கட்டுப்படுத்த 2022-இல் தமிழகச் சட்டமன்றம் சட்டம் கொண்டுவந்தது. 2025-இல் வந்த விதிமுறைகள், அத்தகைய விளையாட்டுகளை 18 வயதுக்குட்பட்டோர் ஆடக் கூடாது, நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை யாருமே நுழையக் கூடாது என்றன. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கே தடைச் சட்டம் நிறைவேற்றியது. சட்டம் நாட்டுக்கு. வீட்டுக்குள் அந்தக் காவலைச் செய்ய ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதுதான் ரவுட்டர். அதை முறையாக அமைப்பது எப்படி என்பதே இக்கட்டுரை.

முதலில் சாவியை மாற்றுங்கள்

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்பது போல ஒரு எண் இருக்கும். வைஃபையில் இணைந்தபடியே பிரவுசரில் அந்த எண்ணைத் தட்டினால் ரவுட்டரின் உள்பக்கம் திறக்கும். 192.168 என்று தொடங்கும் எண்கள் உள் உபயோகத்துக்கென்றே ஒதுக்கப்பட்டவை. ஒரே எண் நம் வீட்டிலும் இருக்கும், பக்கத்து வீட்டிலும் இருக்கும், குழப்பம் வராது.

உள்ளே போக ஒரு பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். பல பெட்டிகளில் இரண்டுமே 'அட்மின்'தான்! முதல் வேலை அதை மாற்றுவது. 2016-இல் 'மிராய்' என்ற வைரஸ் உலகமெங்கும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துக்கொண்டது. அதற்குப் பெரிய சூழ்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. கம்பெனி வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

ஓர் எச்சரிக்கை. பைபர் இணைப்புக் கொடுப்பவர்கள் தங்கள் லாகின் விவரங்களை அந்தப் பெட்டியிலேயே பதிந்து வைத்திருப்பார்கள். பின்பக்கம் உள்ள ரீசெட் ஓட்டையில் குண்டூசியை விட்டால் அத்தனையும் அழிந்து இணைப்பே போய்விடும். எதைத் தொடும் முன்பும் பழைய அமைப்பை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து வைஃபை பாஸ்வேர்டு. பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 ஆக இருக்கட்டும். பொத்தானை அமுக்கினால் இணையும் டபிள்யூ.பி.எஸ். வசதியை அணைத்துவிடுங்கள். வைஃபையின் பெயரில் கதவு எண்ணோ போன் நம்பரோ வேண்டாம்.

தனித்தனி அறை

பட்டாசு ஆலையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே எல்லா வேலையும் ஒரே கூரையின் கீழ் நடப்பதில்லை. இடைவெளி விட்டுச் சின்னச் சின்ன அறைகள். ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குப் பரவக் கூடாது என்பதே நோக்கம். ரவுட்டரில் உள்ள 'கெஸ்ட் நெட்வொர்க்' அதைப் போன்றதுதான். விருந்தாளிகளின் போன், டி.வி., கேமரா ஆகியவற்றை அதில் விட்டால், அவற்றில் ஒன்று கெட்டாலும் வீட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் எளிதில் வர முடியாது.

பெயரைக் கேட்டு வழி சொல்பவர்

நாம் இணையதளத்தின் பெயரைத் தட்டுகிறோம். ஆனால் இணையத்துக்குத் தெரிந்தது எண் மட்டுமே. பெயரை எண்ணாக மாற்றிச் சொல்பவர்தான் டி.என்.எஸ். ஊருக்குப் புதிதாய் வந்தவர் பஸ் ஸ்டாண்டில் வழி கேட்பது மாதிரி. கெட்ட இடத்துக்கு வழி கேட்டால் "தெரியாதுப்பா" என்று சொல்லும் ஆளை அங்கே நிறுத்திவிட்டால்? ரவுட்டரில் டி.என்.எஸ். என்ற கட்டத்தில் 1.1.1.3, 1.0.0.3 என்ற எண்களைக் கொடுங்கள். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 ஏப்ரலில் குடும்பங்களுக்காகத் தொடங்கிய இலவச சேவை இது. ஆபாசத் தளங்களையும் வைரஸ் பரப்பும் தளங்களையும் தடுக்கும். விளையாட்டுகளைத் தடுக்காது. அவற்றை ரவுட்டரின் தடைப் பட்டியலில் நாமே பெயர் எழுதிச் சேர்க்க வேண்டும்.

நேரக் கட்டுப்பாடு

'பேரன்டல் கன்ட்ரோல்' பகுதியில் ஒவ்வொரு கருவிக்கும் எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை இணையம் என்று குறிக்கலாம். இதில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு.

ஒன்று, கடிகாரம். ரவுட்டர் நேரம் கிரீன்விச் கணக்கில் இருந்தால், இரவு 10 மணிக்குப் பூட்டச் சொன்னது விடிகாலை 3.30-க்குத்தான் பூட்டும். 5.30 மணி கூட்டி இந்திய நேரத்தை வைத்துவிட்டுப் பிறகு மற்றதைப் பாருங்கள்.

இரண்டு, எம்.ஏ.சி. முகவரி. ரவுட்டர் கருவியை அடையாளம் காண்பது இதை வைத்துத்தான். ஆண்ட்ராய்டு 10 (2019), ஐபோனில் ஐ.ஓ.எஸ். 14 (2020) முதற்கொண்டு போன்கள் தம் உண்மையான முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. அது மாறினால் ரவுட்டருக்கு அது புது போன். நம் தடை செல்லாது. ஆகவே அந்தப் போனின் வைஃபை அமைப்பில், வீட்டு வைஃபைக்கு மட்டும், உண்மை முகவரியைக் காட்டும்படி மாற்ற வேண்டும்.

இவ்வளவு செய்தும் ஓட்டைகள் உண்டு. போனில் சிம் டேட்டாவைப் போட்டால் ரவுட்டருக்கு அங்கே வேலையே இல்லை. வி.பி.என். போட்டாலும், போனிலேயே வேறு டி.என்.எஸ். வைத்தாலும் நம் டி.என்.எஸ். தடை செல்லாது. சிம் டேட்டாவிலும் கட்டுப்பாடு வேண்டுமென்றால் கூகுளின் ஃபேமிலி லிங்க் போல போனுக்குள்ளேயே அமைக்க வேண்டும். இதைப் பெற்றோரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நம் கடமை.

பூட்டு யாருக்கு?

திருத்தங்கல் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணாச்சி சொன்னார்: "மகளுக்கு எட்டு மணிக்கெல்லாம் கட் பண்ணிரு தம்பி. பையனுக்கு வேண்டாம், ஆம்பளப் பிள்ளதானே." மகள் பிளஸ் டூ, பையன் எட்டாம் வகுப்பு. நான் அந்தப் பிள்ளையிடமே கேட்டேன். "ஸ்கூல் விட்டு வந்து சோறாக்கி, பாத்திரம் கழுவி முடிக்கவே எட்டாயிரும் அண்ணே. அதுக்கு மேலதான் பாட வீடியோ பாப்பேன்" என்றது. எட்டு மணிக்கு நான் பூட்டியிருந்தால் அந்தப் பூட்டு அதன் படிப்பின் மேல்தான் விழுந்திருக்கும்.

"அண்ணாச்சி, வயசைப் பாத்து நேரம் வைங்க. பொண்ணா பையனான்னு பாத்து வைக்காதீங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கடைசியில் பையனுக்கு ஒன்பது மணி, மகளுக்குப் பதினொன்று என்று முடிவானது. "அப்பா போனுக்கு?" என்று கேட்டான் பையன். அவர் சிரித்துக்கொண்டே, "அதையும் பதினொண்ணுல போட்டிரு" என்றார்.

நண்பர்களே! ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டு ஒரு வீட்டின் சாவிக்குச் சமம். அமைத்து முடித்ததும் அதைத் தாளில் எழுதிப் பெற்றோர் கையில் கொடுத்துவிட வேண்டும். நாம் வைத்திருக்கக் கூடாது. யார் எந்தத் தளம் பார்த்தார்கள் என்ற பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பதும் நம் வேலையல்ல. எதைத் தடுத்திருக்கிறோம், ஏன் தடுத்திருக்கிறோம் என்பதைப் பிள்ளைகளுக்கும் தெரியச் சொல்ல வேண்டும். சொல்லாமல் போட்ட தடையைத் தாண்டத்தான் அவர்கள் வழி தேடுவார்கள். வயது ஏற ஏறப் பூட்டைத் தளர்த்தவும் வேண்டும்.

அரை மணி நேர வேலைதான். நம் படிப்பு நம் தெருவுக்குப் பயன்பட இது ஒரு நல்ல வழி. அடுத்த முறை யாராவது கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். போகும்போது கையில் ஒரு நோட்டும், அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்க ஒரு கேள்வியும் இருக்கட்டும்.