மோட்டரை மாற்றச் சொல்கிறார்களா? முதலில் வயரைப் பார்க்கச் சொல்லுங்கோ

நோர்வேயில் 2024ஆம் ஆண்டு விற்பனையான புதிய கார்களில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது முழு மின்சாரக் கார்கள். ஒஸ்லோவில் எங்கட ஆக்கள் கூடுதலாக வாழும் குறூருட்டாலன் பக்கம் போனாலும் தரிப்பிடங்களில் அவைதான் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு இப்போது உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது. அதனால் நான் வேலை செய்யும் கராஜுக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "தம்பி, மோட்டரையே மாத்தவேணுமெண்டு சொல்லிப்போட்டாங்கள். உண்மையோ?"

சில நேரம் உண்மைதான். ஆனால் பிழை மோட்டரின் வெப்பநிலை சம்பந்தமானது, அதுவும் வந்து வந்து போகிறது என்றால், கொஞ்சம் பொறுங்கோ என்றுதான் சொல்லுவேன்.

மோட்டரின் செப்புச் சுற்றுக்குள் சின்னஞ்சிறு சென்சர் ஒன்றைப் புதைத்திருப்பார்கள். பெரும்பாலும் அது, சூடு ஏற ஏற மின்தடை குறைகிற வகை. பரவலாகப் பாவிக்கப்படும் ஒன்று 25 பாகையில் 10,000 ஓம் காட்டும். 100 பாகையில் சுமார் 700 ஓம்தான். மோட்டருக்கு எவ்வளவு மின்சாரம் கொடுக்கலாம் என்று தீர்மானிக்கும் இன்வேர்ட்டர் இந்த அளவையும் பார்க்கிறது. அளவு நம்பும்படி இல்லையென்றால் வலுவைக் குறைத்துவிடும். ஆமை விளக்கு எரியும், ஏற்றத்தில் கார் இழுக்காது.

போன குளிர்காலம் டக்சி ஓடுகிற ஒரு அண்ணை வந்தார். மழை நாளில், இருபது நிமிடம் ஓடினபிறகு ஆமை வரும். நிறுத்தி எடுத்தால் போய்விடும். வேறொரு கராஜில் கொம்பியூட்டரைக் கொழுவி, பிழைக்குறியைப் பார்த்து, மோட்டருக்கு விலை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் காசுக்கு ஓரளவு நல்ல பழைய கார் ஒன்று வாங்கலாம்.

பிழைக்குறி சொல்வது எந்தச் சுற்றில் குழப்பம் என்பதை மட்டும்தான். அந்தச் சுற்றில் சென்சர் இருக்கிறது, வயர் இருக்கிறது, கனெக்ரர் இருக்கிறது, கடைசியில் இன்வேர்ட்டரின் பலகையும் இருக்கிறது. நாங்கள் காரை ஓடவிட்டு அளவுகளைப் பதிவுசெய்தோம். 74 பாகை காட்டியது அடுத்த நொடி மறை 40க்கு விழுந்தது, திரும்பவும் 75. இரும்பும் செம்புமாக அவ்வளவு பாரமான சாமான் ஒரு நொடியில் நூறு பாகைக்கு மேல் குளிர முடியுமா? பல கார்களில் இந்த மறை 40 என்பது குளிரைக் குறிப்பதல்ல, சுற்று அறுந்துவிட்டது என்பதைக் குறிப்பது. எதிர்ப்பக்கமாக, அளவு திடீரென்று உச்சத்துக்கு ஏறினால் இரண்டு வயரும் எங்கோ முட்டுகின்றன என்று சந்தேகிக்கலாம்.

பிறகு ஒருவர் திரையைப் பார்க்க, மற்றவர் வயரை ஒவ்வொரு சாண் சாணாக அசைத்தோம். மோட்டரருகே இருந்த கனெக்ரரைத் தொட்டதும் அளவு துள்ளியது. கழற்றினால் ஒரு முனை பச்சை பிடித்திருந்தது. வீதிக்குப் போடுகிற உப்பும் ஈரமும் போதாதென்று ஓட்டத்தின் அதிர்வும் சேர்ந்த வேலை. முனைகளையும் ரப்பர் சீலையும் புதிதாகப் போட்டோம். அண்ணையின் ஆமை பிறகு வரவில்லை.

மற்றக் கராஜ்காரர் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் அளந்தபோது எல்லாம் சரியாகவே இருந்திருக்கும், ஏனென்றால் கார் சூடான கராஜுக்குள் காய்ந்து நின்றது. ஒரு கணக்குப் பாருங்கோ. துருப்பிடித்த முனை 300 ஓம் கூட்டுகிறது என்று வையுங்கோ. 25 பாகையில் அது ஒரு பாகை வித்தியாசம்கூடக் காட்டாது. 100 பாகையில் அதே 300 ஓம், மோட்டர் 88 பாகையில்தான் இருக்கிறது என்று காட்டும். குளிரில் அளந்தவருக்குப் பிழை தெரியாது. இன்வேர்ட்டரோ உண்மையைவிடக் குளிர்ந்த மோட்டர் என்று நினைத்து ஓட்டும். ஆகவே சூட்டிலும் அளக்கவேண்டும். இன்னொரு சோதனைக்குச் செலவே இல்லை: இரவு முழுக்க நின்ற காரில் மோட்டர், இன்வேர்ட்டர், குளிர்விக்கும் திரவம் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலையைக் காட்டவேண்டும். ஒன்று மட்டும் தனித்து நின்றால் அங்கே தேடலாம்.

சென்சரே சுற்றுக்குள் பழுதாகியிருந்தால் கதை வேறு. சில மோட்டர்களில் இரண்டாவது சென்சர் இருக்கும். இல்லாவிட்டால் மோட்டரைத் திறக்கவோ மாற்றவோதான் வேண்டும்.

யூடியூப் பார்த்து நீங்களே இறங்கவேண்டாம். சென்சர் வயர் குறைந்த மின்னழுத்தம்தான், ஆனால் பக்கத்தில் போகிற செம்மஞ்சள் கேபிளில் பல நூறு வோல்ட் இருக்கும். அதைத் துண்டித்து, மின்தேக்கிகள் இறங்கும்வரை காத்திருந்து, மின்சாரம் இல்லை என்று அளந்து உறுதிசெய்த பிறகே பயிற்சி பெற்றவர் கை வைக்கலாம்.

நோர்வேயில் வியாபாரியிடம் சொந்தப் பாவனைக்குக் கார் வாங்கியவருக்கு, வாங்கும்போதே இருந்த குறைபாட்டுக்கு 5 ஆண்டுவரை முறையிட நுகர்வோர் கொள்வனவுச் சட்டம் இடம் தருகிறது. தொழிலுக்கென்று வாங்கிய டக்சிக்கு அந்தச் சட்டம் உதவாது. அதனால்தான் டக்சிக்காரருக்குத் திருத்தச் செலவு நேரே சட்டைப்பையில் விழுகிறது. யாராக இருந்தாலும், விலைக்குச் சம்மதிக்கமுன் மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கோ: பிழை வந்த நேரம் கார் சேமித்த வெப்பநிலை என்ன, தடையை எந்த இடத்தில் அளந்தீர்கள், அப்போது மோட்டர் சூடா குளிரா. அந்தத் தாளோடு இன்னொரு கராஜுக்கும் போய்க் கேட்கலாம்.