திரண்ட கருத்து

ஒரு பத்தியைப் படித்து முடித்தபின், "இதில் ஆசிரியர் கூறுவது யாது?" என வினவினால், மாணவர் பலர் பத்தி முழுவதையும் ஒப்புவிப்பர், சிலர் நினைவில் நின்ற ஏதேனும் ஒரு தொடரைக் கூறுவர். இவ்விரண்டும் விடையாகா. கூறப்பட்டவற்றுள் எது தாங்குவது, எது தாங்கப்படுவது என்று பிரித்தறிதல் வேண்டும்.

பின்வரும் பத்தியை நோக்குக:

"பெரியாறு மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றி, மேற்கு நோக்கி ஓடி, அரபிக் கடலிற் கலக்கின்றது. மலைக்குக் கிழக்கே வையைக் கரையில் வாழ்ந்த உழவர், மழை பொய்த்த ஆண்டுகளில் நீரின்றி வருந்தினர். பென்னிகுவிக் என்னும் பொறியாளர் தலைமையில் 1887ஆம் ஆண்டில் பெரியாற்றின் குறுக்கே அணை கட்டத் தொடங்கினர். அடர்ந்த காடும், நோயும், வெள்ளமும் வேலையைத் தடுத்தன. 1895ஆம் ஆண்டில் அணை நிறைவேறியது. தேங்கிய நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே பாய்ந்து வையையை அடைந்தது."

இதன் திரண்ட கருத்து யாது? "பென்னிகுவிக்" என்பான் ஒருவன். அது பெயரேயன்றிக் கருத்தன்று. "அணை 1895இல் முடிந்தது" என்பான் மற்றொருவன். அது செய்திகளுள் ஒன்று. "அணைகள் உழவர்க்கு உதவும்" என்பான் மூன்றாமவன். அது மெய்யே, ஆயினும் எந்த அணைக்கும் பொருந்துவது, இப்பத்திக்கே உரியதன்று. மேற்கே கடலுக்குச் சென்ற நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, வறண்ட நிலத்திற்கு வழங்கினர் என்பதே கருத்து. முதல் இரு தொடர்களும் அங்கே மிகுதியையும் இங்கே குறைவையும் காட்டி அதற்கு வழி செய்கின்றன. ஆண்டுகளை நீக்கினும் பத்தி நிற்கும். சுரங்கத்தைக் கூறும் தொடரை நீக்கினால் மற்றவை எதன் பொருட்டு வந்தன என்பதே விளங்காது.

குறுந்தொகைப் பாடல்களின் கீழே, இன்னார் இன்னார்க்கு இன்ன நிலையிற் கூறியது என்னும் குறிப்பு உண்டு. அது புலவர் எழுதியதன்று. பாட்டின் கருத்தைத் தேர்ந்து பின்னோர் எழுதியது. சில பாடல்களுக்கு இருவேறு குறிப்புகளும் உள. கற்றறிந்தோரும் கருத்தில் வேறுபடுவர் என்பது இதனாற் புலனாகும். ஆதலின் நாம் கண்ட கருத்தை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல் இன்றியமையாதது.

இப்பயிற்சி தேர்வுக்கு மட்டும் உரியதன்று. கடன் பத்திரம் ஒன்று நான்கு பக்கம் நீண்டிருக்கும். தவணை தவறினால் நிலம் யாருக்குச் சேரும் என்பது ஒரே வரியில் அடங்கிக் கிடக்கும். எழுத்தறிந்தும் அவ்வரியின் எடையை அறியாது கையொப்பமிடுவோன் நிலத்தை இழப்பான்.

பத்தியை இருமுறை படித்து, நூலை மூடிவிட்டு, கருத்தை ஒரே தொடரில் எழுதுக. பின்னர் நூலைத் திறந்து, ஒவ்வொரு தொடரும் அதற்குத் துணை செய்கின்றதா என்று காண்க. பத்தியில் இல்லாத ஒன்று நும் தொடரிற் புகுந்திருக்குமாயின், அதனை அடித்துவிட்டு மீண்டும் படித்தல் வேண்டும்.