தன் காலில் நிற்றல்

தாய்ப்பறவை தன் குஞ்சுக்கு இரை தேடி ஊட்டுகிறது. வெயிலும் மழையும் தாக்காதவாறு சிறகால் மூடிக் காக்கிறது. ஆயினும் அதன் கடமை அவ்வளவில் முடிவதில்லை. சிறகு முளைத்ததும் குஞ்சைப் பறக்கப் பழக்குகிறது. சில பறவைகளின் குஞ்சுகள் பறந்து களைத்தபின் மீண்டு வந்து கூட்டில் அமர்வதும் உண்டு. வளர்த்தல் என்னும் சொல் உணவளித்தலையும் காத்தலையும் மட்டும் குறிப்பதன்று. தானே வாழக் கற்பித்தலையும் தன்னுள் அடக்கியதாகும்.

பெற்றோருடன் வாழும் பிள்ளைகள் இக்கல்வியைக் கற்கிறோம் என்று அறியாமலே கற்றுவிடுகின்றனர். தாயுடன் கடைக்குச் செல்லும் சிறுமி விலை கேட்கவும் நிறை பார்க்கவும் அறிகிறாள். தந்தையுடன் வங்கிக்குச் செல்லும் சிறுவன் பணம் செலுத்தும் முறையைக் காண்கிறான். மாதக் கடைசியில் வீட்டில் நடக்கும் பேச்சே வரவு செலவுப் பாடமாக அமைகிறது.

பெற்றோரை இழந்தோ, வறுமை முதலிய இடர்களால் அவரைப் பிரிந்தோ குழந்தைகள் இல்லங்களில் வளரும் பிள்ளைகளுக்கு இவ்வாய்ப்பு எளிதில் கிட்டுவதில்லை. அவர்கள் மணி அடித்தால் எழுகின்றனர். மணி அடித்தால் உண்கின்றனர். உடையும் நூலும் பிறர் வாங்கித் தருவன. நூறு பேருக்குப் பெரிய அண்டாவில் சோறு வடிப்பதைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு, ஒருவர் உண்ண எத்துணை அரிசி வேண்டும் என்பது தெரியாதிருக்கலாம். இஃது அப்பிள்ளையின் குறையன்று. வாய்ப்பின்மையால் நேர்ந்த குறை. பிற பிள்ளைகள் தம் பதினெட்டாம் பிறந்தநாளை மகிழ்ச்சியோடு எதிர்நோக்குவர். இல்லத்தில் வளர்ந்தவர்க்கோ, 'இனி எங்கே தங்குவது? யாரைக் கேட்பது?' என்னும் கவலையையும் அந்நாள் உடன் கொண்டுவருகிறது.

இந்நிலையைப் பழந்தமிழ்க் காப்பியமாகிய மணிமேகலையும் காட்டுகிறது. பெற்றவளால் கைவிடப்பட்டுத் தோட்டத்தில் கிடந்த குழந்தையை ஒரு பசு ஏழு நாள் பாலூட்டிக் காத்தது. பின்னர் இளம்பூதி என்னும் அந்தணன் ஆபுத்திரன் என்னும் அக்குழந்தையை வளர்த்துக் கல்வியும் அளித்தான். வேள்விக்கென நிறுத்தியிருந்த பசுவை ஆபுத்திரன் இரக்கத்தால் விடுவித்தபோது ஊரார் அவனது பிறப்பைப் பழித்தனர். வளர்த்தவனும் அவனைக் கைவிட்டான். துணையின்றி மதுரை சேர்ந்த அவன், ஓடேந்தி ஐயம் ஏற்றும், கிடைத்ததைப் பிறர்க்கு ஈந்து வாழ்ந்தான். தன் பண்பால் அவன் உயர்ந்தது உண்மை. ஆயினும், இளைஞர்களை ஓடேந்தித் தெருவில் நிற்கவிட்டு, 'இவர்களும் உயர்வார்கள்' எனக் காத்திருத்தல் ஒரு சமுதாயத்துக்கு அழகாகாது.

இவ்வுண்மையை நம் நாட்டுச் சட்டமும் ஏற்றுள்ளது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பி இல்லத்தை விட்டு வெளியேறுவோர்க்கு இருபத்தோரு வயது வரை உதவி அளிக்க வழி செய்கிறது. இதனைப் பிற்காப்பு என்பர். 2016-ஆம் ஆண்டின் மாதிரி விதிகள், தனித்த சூழ்நிலைகளில் இவ்வுதவியை மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்க இடமளிக்கின்றன. ஆறு முதல் எட்டுப் பேர் வரை சேர்ந்து வாழும் தற்காலிக வீடுகள், தொழிற்பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை, மேற்படிப்புக்கு ஊக்கத்தொகை, சிறுதொழில் தொடங்கக் கடன் ஆகியவற்றை அவ்விதிகள் குறிப்பிடுகின்றன. 2022-ஆம் ஆண்டில் வெளியான மிஷன் வத்சல்யா திட்ட வழிகாட்டுதல்கள் பிற்காப்புக்கு மாதம் 4,000 ரூபாய் என வகுத்துள்ளன.

பணம் இன்றியமையாததே, ஆயினும் பணத்தை ஆளும் அறிவு இல்லையேல் அது நில்லாது. ஆகவே பயிற்சி, வெளியேறும் நாளன்று தொடங்கத் தக்கதன்று; பதினான்கு, பதினைந்து வயதிலேயே தொடங்கத் தக்கது.

அப்பயிற்சியில் முதலாவது, வரவறிந்து செலவிடுதல். ஒரு வாரத்துக்குரிய காய்கறி வாங்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே ஒப்படைக்கலாம். புதன்கிழமையே பணம் தீர்ந்துவிட்டால் வியாழக்கிழமை அவர்களுக்கு ஆசிரியனாகும். இல்லத்தின் பாதுகாப்பில் இருக்கும்போதே செய்யும் இத்தகைய சிறு பிழை, பின்னாளில் கடனில் வீழாமல் காக்கும்.

இரண்டாவது, ஆவணங்களைப் பேணுதல். பிறப்புச் சான்று, ஆதார் அட்டை, பள்ளிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு ஆகியவை இன்றி மேற்படிப்பும் வேலையும் வாடகை வீடும் பெறுதல் அரிது. பெற்றோர் பெயரை எழுதுமாறு கேட்கும் படிவத்தின் முன்னர்ப் பெற்றோரை அறியாத பிள்ளை திகைத்து நிற்கும். அத்தகைய தடைகளை இல்லத்தை விட்டுச் செல்லுமுன்னரே நீக்கித் தருதல் பொறுப்பாளர் கடன்.

மூன்றாவது, அன்றாட வாழ்வை நடத்துதல். சமைத்தல், துணி துவைத்தல், நோயுற்றால் மருத்துவரிடம் தன் உடல்நிலையைத் தெளிவாகச் சொல்லுதல், வாடகை முன்பணத்துக்குச் சீட்டுப் பெறுதல், படித்துப் பாராமல் எதிலும் கையொப்பமிடாமை ஆகியன இதில் அடங்கும். இவை ஆண், பெண் இருபாலார்க்கும் பொதுவானவை.

நான்காவது, தன் விருப்பத்துக்கும் திறனுக்கும் ஏற்ற தொழிலைக் கற்றல். கிடைத்த தையற் பொறியைக் கொண்டு எல்லாரையும் தையற்காரராக்குதல் முறையன்று. ஒருவனுக்கு இயந்திரம் பழுது பார்த்தலில் நாட்டம் இருக்கும். ஒருத்திக்குச் செவிலியர் பணியில் ஆர்வம் இருக்கும். அவரவர் கருத்தைக் கேட்டறிதலே, தாமே முடிவெடுக்கும் ஆற்றலை வளர்க்கும் முதற்படியாகும்.

இவை யாவும் கற்ற பின்னரும் ஒன்று எஞ்சி நிற்கிறது. அது துணை. திருமணமாகித் தனிக்குடித்தனம் செய்யும் மகளும், வெளியூரில் வேலை பார்க்கும் மகனும் இடர் வந்தபோது தாய்வீட்டை நாடுகின்றனர். அதனால் அவர்களைத் தன் காலில் நிற்காதவர் என்று எவரும் இகழ்வதில்லை. இல்லத்தில் வளர்ந்த இளைஞனும் வேலை இழந்த நாளில், காய்ச்சல் கண்ட இரவில், கூசாமல் அழைப்பதற்கு ஒருவர் வேண்டும். அவர் முன்னாள் காப்பாளராகவோ, ஆசிரியராகவோ, அதே இல்லத்தில் வளர்ந்து முன்னேறிய மூத்தவராகவோ இருக்கலாம். பொங்கல் நாளில் 'உண்ண வா' என்றழைக்க ஒரு வீடு இருத்தல், மாதந்தோறும் வரும் உதவித்தொகையினும் பெரியது.

மாணவர்க்கும் இதில் பங்கு உண்டு. இல்லத்திலிருந்து பள்ளிக்கு வரும் தோழரைத் தம்முள் ஒருவராகக் கொள்ளுதல், அவரது பிறப்பையும் குடும்பத்தையும் துருவிக் கேளாமை, இரங்குதலை விடுத்து நட்புச் செய்தல் ஆகியன எவரும் செய்யத்தக்க உதவிகள். தன் காலில் நிற்றல் என்பது தனியே நிற்றல் அன்று. ஊன்றி நிற்கக் காலும், சாய்ந்தால் தாங்கத் தோளும் ஒருங்கே பெற்றவரே உறுதியாக நிற்பர். அவ்விரண்டையும் அளிக்கும் சமுதாயமே தன் பிள்ளைகளை முற்ற வளர்த்த சமுதாயமாகும்.